முட்டை மிதந்த தண்ணீர்

ஆறாம் வகுப்பில் மொத்தம் முப்பத்திரண்டு பேர். மீனையும் நண்டையும் சேர்த்தால் முப்பத்து நான்கு.

வருகைப் பதிவேட்டில் மீன் பெயரும் நண்டு பெயரும் இல்லைதான். ஆனாலும் ஞானம்மா டீச்சர் தினமும் எல்லோர் பெயரையும் கூப்பிட்டு முடித்த பிறகு, கண்ணாடித் தொட்டிப் பக்கம் திரும்பி, "அஞ்சுகோடன்?" என்று கேட்பார்.

"உள்ளேன் டீச்சர்!" என்று வகுப்பே சேர்ந்து கத்தும்.

"குடித்தனக்காரர்?"

"உள்ளேன் டீச்சர்!"

அஞ்சுகோடன் கடல் மீன். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். முதுகில் மஞ்சள், உடம்பில் ஐந்து கறுப்புக் கோடுகள். குடித்தனக்காரர் ஒரு நண்டு. பாவம், அதற்குச் சொந்த வீடு கிடையாது. எங்கேயோ கிடந்த காலிச் சங்குக்குள் புகுந்துகொண்டு, அதையே முதுகில் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கும்.

இது நடந்தது 1983ஆம் வருஷம், ஐப்பசி மாதம். ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அங்கிருந்து கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. டீச்சருக்குக் கோவளம் சொந்த ஊர். பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போக முடியாததால் டீச்சர் கடலில் ஒரு துளியை வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சென்னை மூர் மார்க்கெட்டில் தொட்டியும், 'கொர்ர்ர்' என்று காற்று ஊதும் சின்ன மோட்டாரும் வாங்கினார். ஊரிலிருந்து மணலும், பச்சையும் ரோஸுமாகப் பாசி படர்ந்த ஒரு பாறைத் துண்டும் வந்தன.

"கடலுக்கு அடியில இந்த மாதிரிப் பாறைங்க மேல பெரிய தோட்டமே இருக்கும். இது அந்தத் தோட்டத்துல ஒரு பாத்தின்னு வெச்சுக்குங்க" என்றார் டீச்சர்.

தொட்டிக்கு எட்டு கேன் தண்ணீர் பிடித்தது. கிணற்றுத் தண்ணீர் இல்லை, கடல் தண்ணீர். அதைக் கொண்டுவருகிறவர் லூர்தம்மாள். கோவளத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, கூட்டுரோட்டில் இறங்கி விற்பார். செவ்வாய்க்கிழமை வரும்போது மட்டும் கூடையோடு ஒரு கேன் கடல் தண்ணீரும் சேர்ந்து வரும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை டீச்சருக்குக் காஞ்சிபுரத்தில் இருபது நாள் பயிற்சி என்று ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை காலையிலேயே அங்கே இருக்க வேண்டுமாம்.

டீச்சர் அரக்கப்பரக்கப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் கங்காவைக் கூப்பிட்டார்.

"கங்கா, நீதான் பாத்துக்கணும். வேளாவேளைக்குத் தீனி போடு. தண்ணி மாத்தறத மறந்துடாத, என்ன?"

"சரிங்க டீச்சர்!" என்றாள் கங்கா.

பஸ் போய்விட்டது. கங்கா பெருமையாகப் பாதி வழி நடந்தாள். அப்புறம் சட்டென்று நின்றுவிட்டாள்.

தண்ணீர் மாற்ற வேண்டும். சரி. எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஒவ்வொரு முறையும் எவ்வளவு? இரண்டையும் அவள் கேட்கவே இல்லை. தொட்டியில் தண்ணீர் மாற்றுகிற வேலையை டீச்சர் எப்போதும் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் செய்வார். அதை யாரும் பார்த்ததும் இல்லை.



கங்காவை டீச்சர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அவள்தான் ஆறாம் வகுப்பின் தண்ணீர் லீடர். வகுப்பு மூலையில் ஒரு குடிநீர்ப் பானை உண்டு. பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு கண்டிப்பான முறை இருந்தது. காலையில் வந்ததும் முதல் நாள் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்ட வேண்டும். பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு பம்ப்பில் அடித்துப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். திங்கட்கிழமைக்கு ஒரு குழு, செவ்வாய்க்கிழமைக்கு ஒரு குழு என்று ஐந்து நாளுக்கும் ஐந்து குழுக்கள். எந்தக் குழுவும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வது கங்காவின் வேலை.

திங்கட்கிழமை காலையில் அந்த முறையை வைத்துத்தான் ரகுபதி பேச்சைத் தொடங்கினான். ரகுபதிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் கிடையாது. அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்வான்.

"இதுல இன்னா கீது யோசிக்கிறதுக்கு? பானைத் தண்ணி மாரிதான் இதுவும். தினம் கொட்டணும், பாறைய நாரு போட்டுத் தேய்க்கணும், புதுத் தண்ணி ஊத்தணும். எப்படிப் பாசி புடிச்சிக் கெடக்குது பாரு!"

"அந்தப் பாசிதான் தோட்டம்னு டீச்சர் சொன்னாங்களேடா" என்றாள் கங்கா.

"டீச்சர் சும்மா அழகுக்குச் சொல்லியிருப்பாங்க."

கங்கா தலைமையாசிரியரிடம் ஓடினாள். கன்னியப்பன் சார் அப்போது சாக்பீஸ் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவற்றை வைக்க அலமாரி இல்லை என்பது அவருடைய நெடுநாள் குறை.

"சார், மீன் தொட்டியில தண்ணி எத்தினி நாளைக்கு ஒருக்கா சார் மாத்தணும்?"

"மாத்தவே கூடாது" என்றார் சார். "செம்பரம்பாக்கம் ஏரிய யாராவது கழுவுறாங்களா? இல்ல, கடலத்தான் யாராவது கொட்டிக் கவுத்துட்டு ரொப்புறாங்களா? அது பாட்டுக்கு இருக்கட்டும். தொடாதே."

சொல்லிவிட்டுத் தொட்டி இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அந்த மீனு செத்துப்போச்சுன்னா சொல்லு. தொட்டிய அலமாரியா வெச்சுக்கலாம். சாக்பீஸ் நல்லா அடங்கும்."

மத்தியானம் பெட்டிக்கடை தாயாரம்மாளிடம் கேட்டாள். தாயாரம்மாள் கடையில் டீயும் உண்டு.

"எங்கடையில கிளாஸ் கழுவுற பக்கெட்டு கீதே, அதுல நானு மூணு நாளைக்கு ஒருக்கா மாத்துவேன்" என்றவர், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் அவசரமாக, "மூணு மணிக்கு ஒருக்கா, மூணு மணிக்கு ஒருக்கா!" என்று திருத்திக்கொண்டார்.

கங்கா எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். தினமும். எப்போதும் கூடாது. மூன்று நாள். மூன்று மணி நேரம். எழுதியதைப் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. கடைசியில் ஒரு தபால் கார்டு வாங்கி, டீச்சருக்கே எழுதிப் போட்டாள்: 'அன்புள்ள டீச்சர், எத்தனை நாளுக்கு ஒருமுறை? எவ்வளவு? உடனே பதில் போடவும்.'

கார்டு காஞ்சிபுரம் போய்ப் பதில் வர எத்தனை நாளாகுமோ? அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

சரி, செவ்வாய்க்கிழமை லூர்தம்மாள் வந்தால் கேட்கலாம் என்று காத்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்துப் புயல் எச்சரிக்கை. கடலுக்குப் படகு போகவில்லை. படகு போகாததால் மீன் இல்லை, மீன் இல்லாததால் லூர்தம்மாள் இல்லை, லூர்தம்மாள் இல்லாததால் கடல் தண்ணீரும் இல்லை.

புதன்கிழமை காலையில் ஆறாம் வகுப்பு ஒரே கூச்சலாக இருந்தது.

"திங்கக்கெழமையும் மாத்தல, நேத்தும் மாத்தல. அஞ்சுகோடன் அழுக்குத் தண்ணியிலயே கீறான்!" என்றான் ரகுபதி. புதன்கிழமைக் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

"கடல் தண்ணி இல்லியேடா!"

"நாமளே செஞ்சிக்கலாம். கடல் தண்ணின்னா இன்னா? உப்புத் தண்ணிதான?"

"எவ்ளோ உப்பு போடணும்னு உனக்குத் தெரியுமா?"

ரகுபதி சட்டைப் பையிலிருந்து மெதுவாக ஒரு முட்டையை எடுத்தான். வகுப்பே எட்டிப் பார்த்தது.

"எங்க வூட்டுல வெதை நெல்லு பொறுக்கச் சொல்ல இப்படித்தான் செய்வாங்க" என்றான்.

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விவசாய வீட்டுப் பிள்ளைகள் அல்லவா? அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு முட்டையைப் போடுவார்கள். பிறகு கல்லுப்பைக் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். முட்டை மேலே வந்து எட்டணாக் காசு அளவுக்குத் தலை காட்டினால் உப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீரில் நெல்லைப் போட்டால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும்.

"முட்டை மெதந்தா உப்பு சரி!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

கங்கா யோசித்தாள். ஒருவர் முழுவதும் மாற்றச் சொல்கிறார், ஒருவர் தொடவே கூடாது என்கிறார். நடுவில் போனால் என்ன?

"மொத்தமும் கொட்ட வேணாம். பாறையத் தேய்க்கவும் வேணாம்" என்றாள். "தினம் ஒரு கேன் எடுத்துட்டு ஒரு கேன் ஊத்தலாம். எட்டு நாள்ல எல்லாம் புதுசாயிடும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கங்காவுக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே சந்தோஷமாக இருந்தது.

தாயாரம்மாள் கடையிலிருந்து கல்லுப்பு வந்தது. பக்கெட்டில் உப்பு விழுந்தது, கரைந்தது, மறுபடி விழுந்தது. கை வலிக்க வலிக்கக் கலக்கினார்கள். முட்டை முதலில் அசைந்தது, பிறகு நிமிர்ந்தது, பிறகு மெதுவாக மேலே வந்து எட்டணா அளவுக்குத் தலை காட்டியது. புதன்கிழமைக் குழு கைதட்டியது. ஒரு கேன் பழைய தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, ஒரு கேன் முட்டைத் தண்ணீரை ஒரே மூச்சில் தொட்டியில் ஊற்றினார்கள்.

வியாழக்கிழமை காலையில் கங்கா வகுப்புக்குள் நுழைந்ததும் தொட்டியைப் பார்த்தாள். அவளுக்குப் பகீர் என்றது.

அஞ்சுகோடன் மூலையில் ஒதுங்கிக் கிடந்தான். மஞ்சள் முதுகு வெளிறியிருந்தது. வாயை வாயைத் திறந்து மூடினான். தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடித்தனக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு சங்குக்குள் போனவர் வெளியே வரவே இல்லை.

அதற்குள் வியாழக்கிழமைக் குழு பின்னால் வந்து நின்றது. அவர்கள் பக்கெட்டில் முட்டை அழகாக மிதந்துகொண்டிருந்தது.

"தள்ளு கங்கா, இன்னிக்கு எங்க முறை."

"வேணாம்!" கங்கா தொட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "ஊத்தக் கூடாது!"

"நேத்து ஊத்தினீங்களே? எங்களுக்கு மட்டும் இன்னா?"

"ஊத்தினதாலதான் இப்படி ஆயிருக்குதோ இன்னாவோ!"

"மாத்தாததாலதான் இப்படி ஆயிருக்கும். இன்னும் ரெண்டு கேன் ஊத்தினா சரியாயிடும்" என்றது குழு.

எது சரி? கங்காவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்பது மட்டும்தான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. ஒன்றும் தெரியாமல் ஊற்றுவதைவிட, தெரிகிற வரைக்கும் ஊற்றாமல் இருப்பது மேல் என்று அவளுக்குப் பட்டது.

சத்தம் கேட்டு கன்னியப்பன் சார் வந்துவிட்டார். தொட்டியைப் பார்த்தார். உப்பு பக்கெட்டைப் பார்த்தார். மிதக்கும் முட்டையையும் பார்த்தார்.

"தொடாதேன்னு சொன்னேனா இல்லியா? யார் செஞ்ச வேல இது?"

ரகுபதியின் முகம் அஞ்சுகோடன் முகத்தைவிட வெளுத்துப்போனது. அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு கங்கா சொன்னாள்: "நாங்க எல்லாரும்தான் சார். நான்தான் தினம் ஒரு கேன்னு சொன்னேன்."

"திங்கக்கெழமை வரைக்கும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு சார் போனார். அலமாரியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதுதான் கங்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. "டீச்சரம்மா தண்ணி வந்துக்கீது!"

லூர்தம்மாள்! புயல் வேறு பக்கம் போய்விட்டதாம். தலையில் மீன் கூடை, இடுப்பில் கடல் தண்ணீர்க் கேன்.

கங்கா ஓடிப்போய் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். "அக்கா, நீங்களே சொல்லுங்க. எத்தினி நாளைக்கு ஒருக்கா மாத்தணும்? எவ்ளோ மாத்தணும்?"

லூர்தம்மாள் கூடையை இறக்கி வைத்தார். "இன்னா பாப்பா, என்னாண்ட போய்க் கேக்கற? நானு செத்த மீனு விக்கிறவ. உசுரு மீனு சமாசாரம் எனக்கு இன்னா தெரியும்?"

அதுவும் நியாயம்தான். கங்கா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அப்போது அவள் கண் கேன் மேல் விழுந்தது. அது நிஜமான கடல் தண்ணீர்.

"ரகு, அந்த முட்டைய எடுத்துகினு வா!"

ரகுபதி கொண்டுவந்தான். கங்கா கேன் தண்ணீரை ஒரு வாளியில் கொட்டி, முட்டையை மெதுவாக உள்ளே விட்டாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

முட்டை மிதக்கவில்லை. நேராகப் போய் வாளியின் அடியில் உட்கார்ந்துகொண்டது.

"ஐயோ" என்றான் ரகுபதி.

"கடல்ல முட்டை முழுகுது" என்றாள் கங்கா மெதுவாக. "நம்ம தண்ணியில மெதந்திச்சு. அப்படின்னா நம்ம தண்ணி கடலவிட ரொம்ப ரொம்ப உப்பு. நெல்லுக்குச் செய்யற தண்ணிய மீனுக்கு ஊத்திட்டோம்."

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. உடனே அடுத்த முடிச்சு. தொட்டியில் இப்போது எவ்வளவு உப்பு அதிகம்? அதே முட்டையைத் தொட்டியில் விட்டுப் பார்த்தாள். அங்கேயும் அது முழுகியது. வாளித் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தார்கள், உப்பு. தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்கள், அதுவும் உப்பு. ரகுபதி மாற்றி மாற்றி நான்கு தடவை ருசி பார்த்துவிட்டு, இனிமேல் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்றான்.

"முட்டை ரொம்ப கனம். அதுக்குக் கொஞ்சம் உப்பு கூடினா, கொறைஞ்சா தெரியாது" என்றாள் கங்கா. "லேசா மெதக்கிற சாமான் ஒண்ணு வேணும்."

ரகுபதி யோசித்தான். பிறகு புத்தகப் பையைக் கவிழ்த்தான். பம்பரம், கோலி, புளியங்கொட்டை எல்லாம் உருண்டு ஓடின. அவற்றோடு ஒரு ஊசி மருந்து பாட்டிலும் உருண்டு வந்தது. ரப்பர் மூடி போட்ட, சுண்டுவிரல் உயரக் கண்ணாடிப் பாட்டில். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா கழுவிக் கொடுத்ததாம்.

"இது மெதக்கும்" என்றான்.

மிதந்தது. ஆனால் சாய்ந்து சாய்ந்து மிதந்தது. கங்கா அதற்குள் கொஞ்சம் மணல் போட்டாள். நிமிர்ந்தது. மூடியில் துளை போட்டு, தீர்ந்துபோன பேனா ரீஃபில் ஒன்றை ரகுபதி கொடிக்கம்பம் மாதிரி செருகினான். இன்னும் நாலு மணல், எடு இரண்டு மணல், போடு ஒரு மணல். கடைசியில் பாட்டில் முழுகி, ரீஃபில் மட்டும் வாளித் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் தொடும் இடத்தில் கங்கா தன் ரிப்பனிலிருந்து ஒரு சிவப்பு நூலைப் பிரித்துக் கட்டினாள்.

"இதுதான் கடல்" என்றாள் நூலைக் காட்டி.

பிறகு அந்தப் பாட்டிலைத் தொட்டியில் விட்டார்கள். சிவப்பு நூல் தண்ணீரைத் தொடவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"ஒரு விரல் உப்பு அதிகம்!" என்று வகுப்பே கத்தியது.

ரகுபதி துள்ளிக் குதித்தான். "பம்ப்புத் தண்ணி ரெண்டு கொடம் ஊத்தினா சரியாப் பூடும். நானு போய் அடிச்சிகினு வரேன்!"

"நில்லுடா! நேத்து ஒரே மூச்சுல ஊத்தினோம். இன்னா ஆச்சு பாத்தியா? கொஞ்சம் கொஞ்சமாப் போவலாம்."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

மறுபடியும் அதே கேள்வி. இந்தத் தடவை யாரிடமும் கேட்கக் கங்கா ஓடவில்லை. அஞ்சுகோடனைப் பார்த்தாள். பிறகு பானைப் பக்கம் இருந்த சொம்பைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து 'டண் டண்' என்று சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது.

"மணிக்கு ஒரு சொம்பு" என்றாள்.

அன்று மத்தியானம் ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் தொட்டியிலிருந்து வெளியே போனது, ஒரு சொம்பு நல்ல தண்ணீர் உள்ளே போனது. அதுவும் ஓரமாக, கண்ணாடியில் வழிய விட்டுத்தான். கணக்குப் பாடத்தில் யாருக்கும் மனசு ஒட்டவில்லை. கடைசி பீரியடில் கரண்ட் போய் மோட்டார் நின்றது. இரண்டு பேர் டம்ளரில் மொண்டு மொண்டு மேலேயிருந்து ஊற்றித் தண்ணீருக்குக் காற்றுக் கொடுத்தார்கள். அதையும் கங்கா முறை போட்டுப் பிரித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமையும் மணிக்கு ஒரு சொம்பு. சிவப்பு நூல் அரை விரல் இறங்கியது. கால் விரல் ஆனது. கடைசி மணி அடித்து, கடைசிச் சொம்பு உள்ளே போனதும் நூல் தண்ணீரைத் தொட்டது.

அஞ்சுகோடன் மட்டும் மூலையை விட்டு வரவில்லை.

சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை. அந்த இரண்டு நாளும் கங்காவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அம்மா கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் நின்றாள். சோற்றில் ஊற்றிய குழம்பின் மேலேயே மோரையும் ஊற்றிக்கொண்டாள். 'முட்டையை நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும்' என்று நினைத்து நினைத்து அழுதாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் போவதற்கு முன்னாலேயே ரகுபதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தான். "ஒண்ணும் தெரில, இருட்டா கீது" என்றான்.

கன்னியப்பன் சார் சாவியோடு வந்தார். கதவு திறந்தது. இருவரும் உள்ளே ஓடினார்கள்.

தொட்டியின் மூலை காலியாக இருந்தது.

பாறைக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு மஞ்சள் தெரிந்தது. பிறகு ஐந்து கறுப்புக் கோடுகள். அஞ்சுகோடன் விர்ரென்று கண்ணாடி வரைக்கும் வந்து, 'எங்கே என் தீனி?' என்பது போல் மூக்கால் இடித்தான். மணலில் குடித்தனக்காரர் வீட்டைத் தூக்கிக்கொண்டு காலை நடை போய்க்கொண்டிருந்தார்.

ரகுபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றான்.

அன்றைக்கு வருகைப் பதிவேட்டை சாரே எடுத்தார். முப்பத்திரண்டு பெயரும் கூப்பிட்டு முடித்தார். பதிவேட்டை மூடினார். தொண்டையைச் செருமினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அஞ்சுகோடன்?" என்றார்.

வகுப்பு ஒரு வினாடி திகைத்தது. அப்புறம் கூரை ஓடு பறக்கிற மாதிரி கத்தியது: "உள்ளேன் சார்!"

அதற்குப் பிறகு கங்கா ஐந்து குழுவுக்கும் புதிதாக முறை எழுதினாள். செவ்வாய்க்கிழமைக் குழு ஒரு கேன் எடுத்துவிட்டு, லூர்தம்மாள் கொண்டுவரும் ஒரு கேனை ஊற்றும். டீச்சரே வாரத்துக்கு ஒரு கேன்தானே வரவழைத்தார்? அப்படியானால் அதுதான் சரியான கணக்காக இருக்கும் என்பது கங்காவின் எண்ணம். மற்றக் குழுக்கள் சிவப்பு நூலைப் பார்க்க வேண்டும், வெளிக்கண்ணாடியைத் துடைக்க வேண்டும், தீனி போட வேண்டும்.

இன்னொரு வேடிக்கையையும் நூல்தான் காட்டிக்கொடுத்தது. யாரும் உப்பே போடவில்லை. ஆனாலும் இரண்டு நாளில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் வற்றியது, நூல் துளி மேலே ஏறியது. "தண்ணி மட்டும் ஆவியாப் போவுது, உப்பு போவாம உள்ளயே கீது" என்று கண்டுபிடித்தவன் ரகுபதி. வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் நூல் மறுபடி இறங்கியது. இது தனக்கு முன்பே தெரியும் என்று அவன் சொல்லவில்லை. அதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம்.

புதன்கிழமை தபால்காரர் ஒரு கார்டு கொடுத்தார். டீச்சரின் பதில்! எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். கங்கா சத்தமாகப் படித்தாள்.

'அன்புள்ள கங்கா, உன் கார்டு கிடைத்தது. நீ கேட்டதை இங்கே மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சரியாகத் தெரியாது. மீன் கூடையோடு ஒரு கேனுக்கு மேல் தூக்க முடியாது என்று லூர்தம்மாள் சொன்னாள். அதனால் வாரம் ஒரு கேன் மாற்றினேன். அவ்வளவுதான். அஞ்சுகோடன் நன்றாக இருக்கிறானா? இருந்தால், நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு மாற்றுகிறீர்கள் என்று உடனே எழுதவும். வந்ததும் நானும் அப்படியே செய்கிறேன்.'

வகுப்பு வாயைப் பிளந்தது. கங்கா கார்டைத் திருப்பிப் பார்த்தாள். வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முதலில் அவளுக்குத் திக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க இன்னும் அதிகமாக வந்தது.

புதுக் கார்டு ஒன்றை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். ரகுபதி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"முட்டை யாரு கொண்டாந்ததுன்னு மட்டும் எழுதாத, கங்கா. எங்கம்மா இன்னும் அதைத் தேடிகினு கீறாங்க."

"சரி, எழுதல" என்றாள்.

பிறகு பேனாவை எடுத்து, பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள்: 'அன்புள்ள டீச்சர், செவ்வாய்க்குச் செவ்வாய் ஒரு கேன். மற்ற நாளெல்லாம் சிவப்பு நூல் சொல்கிறபடி. யார் சொன்னாலும் முட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.'